பழைய திகில் தொலைக்காட்சித் தொடர்களில் உங்களை அதிகம் பாதித்த வில்லன் யார்?

தாமஸ் எட்வர்ட் கிரிஃபித். அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1960 முதல் 1962 வரை நடிகர் போரிஸ் கார்லாஃப் வழங்கிய ‘த்ரில்லர்’ தொடரில், 1961 ஜனவரியில் வந்த ‘தி பாய்சனர்’ (விஷம் வைப்பவன்) கதையின் நாயகன். வாரம் ஒரு தனிக்கதை, கறுப்பு வெள்ளை. பாழடைந்த பங்களா, சமாதி, ஆவி என்று மிரட்டும் கதைகள் அதில் நிறைய உண்டு. எதுவும் இவனைப்போல என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

முக்கியக் காரணம் நடிகர் முர்ரே மேத்திசன். வில்லனுக்கான முறைப்போ சிரிப்போ அவரிடம் கிடையாது. நல்ல உடை, நல்ல ஓவியம், பதமான பேச்சு. மனைவியின் உறவுகள் வந்து அவன் வீட்டு அமைதியைக் குலைக்கும்போது, ‘பாவம், இந்த மனுஷன்’ என்று நமக்கே தோன்றிவிடும். அப்படித் தோன்றியதற்குப் பிறகுதான் பயம் வரும்.

அதைவிடப் பெரிய பயம், இவன் முழுக்கக் கற்பனை இல்லை என்பது. அசல் ஆள் தாமஸ் கிரிஃபித்ஸ் வெய்ன்ரைட், 1794இல் பிறந்த ஆங்கிலேயர். ஓவியர், கலை விமர்சகர். ‘லண்டன் மேகசின்’ இதழில் புனைபெயர்களில் எழுதியவர். கட்டுரையாளர் சார்லஸ் லேம்புக்கு இவரை ரொம்பப் பிடிக்கும். வரவுக்கு மீறிய செலவு, கழுத்தை நெரிக்கும் கடன். மாமா இறந்தார், வீடு இவருக்கு வந்தது. பிறகு மாமியார் இறந்தார்.

அடுத்தது மைத்துனி ஹெலன். 21 வயது, ஆரோக்கியமான பெண். பல கம்பெனிகளில் அவள் பெயரில் பாலிசி போட்டார்கள். மொத்தம் 16,000 பவுண்டுக்கு மேல், அதுவும் குறுகிய காலத்துக்கு. 1830 டிசம்பரில் அவள் படுத்த படுக்கையானாள். ஒருநாள் ஜெல்லியில் மருந்துப் பொடி கலந்து கொடுத்துவிட்டு அக்காவும் அத்தானும் உலாவப் போனார்களாம். திரும்பி வந்தபோது உயிர் இல்லை. ஸ்ட்ரிக்னைன் என்று சந்தேகம். நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கும் அதே கசப்பு நஞ்சுதான். 1818இல்தான் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். உடலுக்குள் போனபின் அதைக் கண்டுபிடிக்கும் வழி அன்றைய மருத்துவர்களிடம் இல்லை.

காப்பீட்டுக் கம்பெனிகள் பணம் தர மறுத்தன. ஆனால் கொலைக்காக அவர்மேல் வழக்கே நடக்கவில்லை. அறங்காவலர்களின் கையெழுத்தைக் கள்ளமாகப் போட்டு, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் இருந்த தன் அறக்கட்டளைப் பணத்தை எடுத்த குற்றத்துக்கே 1837இல் ஆயுள் முழுவதும் நாடுகடத்தினார்கள். இன்றைய தாஸ்மேனியாவில், கைதியாக இருந்துகொண்டே ஹோபார்ட் நகரத்துப் பெரிய மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து, 1847இல் அங்கேயே இறந்தார்.

என்னை உறுத்துவது இதுதான்: அந்த வசீகரம் செத்தபிறகும் வேலை செய்கிறது. ‘ஹெலனை ஏன் கொன்றாய்’ என்று கேட்டதற்கு, ‘அவளுக்குக் கணுக்கால் தடிமன்’ என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. எழுதுகிறவர்கள் எல்லாரும் அதை ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். ஹெலனைப் பற்றி யாரும் ஒரு பத்திகூடச் சேர்த்து எழுதுவதில்லை. சிவப்புச் சுண்ணக்கட்டியால் அவர் வரைந்த அவளுடைய படத்தைப் பற்றிப் பேசும்போதும் அவர் கைத்திறனைத்தான் புகழ்கிறார்கள்.

மேத்திசன் நடிப்புக்காகக் கட்டாயம் பாருங்கள். அவன் பேச்சில் மயங்கும் நேரத்தில், அந்த வீட்டுப் பெண்களின் முகங்களையும் கொஞ்சம் கவனியுங்கள்.