பச்சைத் தேயிலையா, பிளேன்டீயா?

உணவும் உடல்நலமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். காலையில் ரொட்டியோடும், மலையில் பத்து மணிக்கும், மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) குடிப்பது பழக்கம். கொழும்பில் வேலை செய்யும் மகள், பிளேன்டீயில் ஒன்றும் இல்லை, பச்சைத் தேயிலைதான் புற்றுநோய் வராமல் காக்கும் என்று சொல்லி, விலை கூடிய பெட்டியொன்றை அனுப்பியிருக்கிறாள். கிளினிக்கில் எனக்கு இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நான் எதைக் குடிப்பது நல்லது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது இரத்தக் குறைவு பற்றிய வரிதான். அதற்கு வருமுன் மகளின் கருத்தைப் பார்த்துவிடுவோம்.

இரண்டும் நீங்கள் பறிக்கும் அதே கொழுந்திலிருந்து வருபவை. பச்சைத் தேயிலைக்குக் கொழுந்தை உடனே ஆவியிலோ சூடான தட்டிலோ காட்டி, அதிலுள்ள நொதியத்தைச் செயலிழக்கச் செய்கிறார்கள். அதனால் கட்டெச்சின் எனப்படும் பொருட்கள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகின்றன. பிளேன்டீக்கான கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் படவிடும்போது அந்தக் கட்டெச்சின்கள் ஒட்சியேற்றமடைந்து (காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து) தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற வேறு பொருட்களாக மாறுகின்றன. பிளேன்டீயின் செந்நிறமும் துவர்ப்பும் அவற்றாலேயே வருகின்றன. ஆகவே பிளேன்டீயில் ஒன்றும் இல்லை என்பது சரியன்று. உடற்கலங்களைச் சேதப்படுத்தும் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் ஆற்றலில் தியாஃபிளேவின்கள் கட்டெச்சின்களுக்குச் சமமானவை என்று 2001 இல் ஹொங்கொங் ஆய்வாளர்கள் ஆய்வுகூடச் சோதனையில் கண்டார்கள்.

ஆனால் சோதனைக் குழாயில் தெரியும் ஆற்றல் உடலுக்குள் அப்படியே கிடைப்பதில்லை. இந்தப் பொருட்களில் சிறு பங்கே குடலில் உறிஞ்சப்படுகிறது. உணவுகளின் ஒட்சியேற்றத் தடுப்பாற்றலை எண்களாகப் பட்டியலிட்டிருந்த அமெரிக்க விவசாயத் திணைக்களம், அந்த எண்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுகின்றன என்பதையும், அவை உடலில் ஏற்படும் பலனைக் காட்டுவதில்லை என்பதையும் உணர்ந்து, 2012 இல் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. பச்சைத் தேயிலை புற்றுநோயைத் தடுக்கிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020 இல் செய்த மீளாய்விலும் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மகளின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அடுத்த பெட்டிக்கு அவர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி இரத்தக் குறைவு. ரொட்டி, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பிடித்துக்கொள்வதால், உணவோடு தேநீர் குடிக்கும்போது அந்த இரும்பின் பெரும்பகுதி உடலில் சேராமலே வெளியேறிவிடுகிறது. பச்சைத் தேயிலையிலும் இதே குணம் உண்டு. எனவே பெட்டியை மாற்றினாலும் உங்கள் இரத்தக் குறைவு தீராது. குளிர்ந்த விடியற்காலையில், மலைக்கு ஏறுமுன், ரொட்டியோடு ஒரு கோப்பை சூடாக இல்லாவிட்டால் எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். எழுந்தவுடன் தேநீரைக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரமாவது கழித்து ரொட்டியைச் சாப்பிடுங்கள். அல்லது ரொட்டியோடு சுடுநீர் குடித்து, தேநீரைப் பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு ஒருபோதும் விழுங்காதீர்கள், தண்ணீரே போதும். மாத்திரையை நிறுத்துவதையும் கிளினிக்கில் கேட்காமல் செய்யாதீர்கள்.

இரும்பைச் சேர விடாமல் தடுப்பது தேநீர் என்றால், சேர வைப்பது விற்றமின் சி. நூறு கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 228 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் இருப்பதைப் போல் நான்கு மடங்கு. நெல்லிக்காயும் அதில் மிக வளமானது. வீட்டுப் பக்கம் கொய்யா மரம் இருந்தால் சாப்பாட்டோடு ஒரு பழத்தைச் சாப்பிடுங்கள். வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிந்து கொள்வதும் நல்லது, ஆனால் விற்றமின் சி வெப்பத்தில் அழியும் என்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எதற்கும் தேசிக்காய் பிழிய வேண்டும். நெத்தலி முதலான மீன்களிலுள்ள இரும்பின் ஒரு பகுதியைத் தேநீர் அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

இன்னும் இரண்டு விடயங்கள். உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு பிளேன்டீ குடிக்கும்போது எவ்வளவு சீனி போகிறது என்று கணக்குத் தெரிவதில்லை; மெல்ல மெல்லக் குறையுங்கள். மற்றது சூடு: 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் வகைப்படுத்தியது. ஊற்றிய தேநீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: உடல் எடை குறைய பச்சைத் தேயிலைச் சாறு அடங்கிய மாத்திரை சாப்பிடலாமா? (வாசகர், பதுளை)

பதில்: வேண்டாம். கோப்பையில் குடிப்பதும் செறிவாக்கிய சாற்றை விழுங்குவதும் ஒன்றல்ல. இத்தகைய மாத்திரைகள் மூலம் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் பச்சைத் தேயிலையின் முதன்மைக் கட்டெச்சினை எடுப்பவர்களுக்கு ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் அறிவித்தது. ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்து, கண்ணோ தோலோ மஞ்சளாகத் தெரிந்தால், மாத்திரையை நிறுத்தி உடனே வைத்தியரைக் காணுங்கள்.