பழைய ஜெர்மன் ராஜா குடும்பம், நினைவுச்சின்னம் படம் போட்ட போஸ்ட் கார்டு சேகரிக்கணும்னா எதுல ஆரம்பிக்கலாம்?

என்னைக் கேட்டா கைசர், அதாவது ஜெர்மன் சக்கரவர்த்தி, மூஞ்சி போட்ட கார்டுல ஆரம்பிக்க வேணாம். ரெண்டாம் வில்ஹெல்ம் ஆண்ட காலம் 1888ல இருந்து 1918 வரைக்கும், படம் போட்ட கார்டுக்கு ஜெர்மனியே பைத்தியமா இருந்ததும் அதே காலம்தான், மனுஷனுக்கும் போட்டோன்னா உயிர், யூனிஃபார்மை மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு நின்னிருக்கார், பெர்லின்ல குஸ்டாவ் லீர்ஷ் மாதிரி கம்பெனிங்க அடிச்சுத் தள்ளிட்டாங்க. இன்னிக்கும் அங்க ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தையில ஷூ டப்பா நிறைய கிடக்கும், அதை "அபூர்வம்"னு சொல்லி ஆன்லைன்ல விக்கிறவங்கள நம்பாதீங்க.

வாங்கினா அவரோட இடது கைக்காக வாங்குங்க. பிரசவத்துலயே நரம்பு அடிபட்டு அந்தக் கை சூம்பிப்போய் குட்டையாயிடுச்சு. ஒரு கார்டுல வாள் பிடி மேல வச்சிருப்பார், இன்னொண்ணுல கையுறையப் பிடிச்சிருப்பார், இல்லன்னா பாக்கெட்டுக்குள்ள. நாலஞ்சு கார்டை வரிசையா வச்சுப் பாருங்க, எவ்வளவு யோசிச்சு மறைச்சிருக்காங்கன்னு புரியும். குடும்பக் கார்டுல எனக்குப் பிடிச்சது 1913 மே மாசம் அவர் பொண்ணு விக்டோரியா லூயிசா கல்யாண சமயத்துல வந்தது. ரஷ்யாவோட ஜாரும் இங்கிலாந்து அஞ்சாம் ஜார்ஜும் அந்தக் கல்யாணத்துக்கு பெர்லின் வந்தாங்க, அடுத்த வருஷமே மூணு பேர் நாடும் சண்டையில! அப்புறம் ஜெர்மனிக்குள்ளயே இருந்த பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க்குக்கும் அப்போ தனித்தனி ராஜா உண்டு, அந்தப் பக்கமும் கொஞ்சம் தேடுங்க.

என் காசு போறது என்னவோ நினைவுச்சின்னத்துலதான், ஏன்னா அதுல பாதி இப்ப இல்ல, இல்லன்னா இடம் மாறிடுச்சு. பெர்லின் வெற்றித் தூண் 1873ல திறந்தது, பழைய கார்டுல அது ரைக்ஸ்டாக்ங்கிற நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னாடி நிக்கும். நாஜிங்க 1938-39ல அதைப் பேத்து இப்ப இருக்கிற ரவுண்டானாவுக்குக் கொண்டுபோய் ஒரு அடுக்கையும் சேத்துட்டாங்க. அதனால தூண்ல மூணு அடுக்கு இருந்தா பழசு, நாலு இருந்தா அதுக்கப்புறம், தேதியே பார்க்க வேணாம். கோப்லென்ஸ்ல ரைன் நதியும் மோசலும் சேர்ற இடத்துல ரெண்டாம் வில்ஹெல்மோட தாத்தா முதலாம் வில்ஹெல்முக்குக் குதிரைச் சிலை 1897ல வச்சாங்க, 1945ல அமெரிக்கப் பீரங்கியில போச்சு, ரொம்ப வருஷம் வெறும் பீடம் மட்டும், 1993லதான் திரும்ப வச்சாங்க. சிலையோட ஒரு கார்டு, வெறும் பீடத்தோட ஒரு கார்டு, ரெண்டையும் பக்கத்துல வைக்கிறதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அதே 1897ல பெர்லின் அரண்மனைக்கு எதிர்ல அவருக்கே வச்ச பிரம்மாண்டத்தை 1950 வாக்குல கிழக்கு ஜெர்மனிக்காரங்க இடிச்சுட்டாங்க, அதுல இருந்த சிங்கங்க இப்ப அங்க ஒரு மிருகக்காட்சி சாலையில உட்கார்ந்திருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி கார்டைத் திருப்பிப் பாருங்க. ஜெர்மனியில பின்பக்கத்துல நடுவுல கோடு போட்டது 1905ல இருந்துதான், அதுக்கு முன்னாடி பின்பக்கம் முழுக்க விலாசம் மட்டும், அதான் சேதியெல்லாம் படத்தைச் சுத்தி நெருக்கி எழுதியிருக்கும். சைஸ் சுமாரா 9க்கு 14 சென்டிமீட்டர். ஸ்டாம்ப் பெரும்பாலும் 5 ஃபென்னிக் (அந்தக் காலச் சில்லறைக் காசு) பச்சை ஜெர்மானியா, அதாவது ஜெர்மனியைப் பொண்ணா உருவகிச்ச படம், பவேரியாவுல போட்டதுன்னா 1920 வரைக்கும் அவங்க சொந்த ஸ்டாம்ப். முதல் உலகப் போர் சிப்பாய் கார்டுல ஸ்டாம்பே இருக்காது, இலவசம், ரெஜிமென்ட் சீல்தான் இருக்கும், அது குறையில்ல. 1905 கார்டை "சூட்டர்லின் எழுத்து"ன்னு, அதாவது ஒரு பழைய ஜெர்மன் கையெழுத்து முறைன்னு, விக்கிறவங்களும் இருக்காங்க, அதைப் பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சதே 1915 வாக்குல, அதுக்கு முந்தின கையெழுத்து முறை பேரு குரென்ட்.

நிஜ போட்டோ கார்டான்னு பார்க்க ஒரு லென்ஸ் போதும், புள்ளி புள்ளியா தெரிஞ்சா அச்சு. சின்ன யூவி டார்ச் வச்சுக்கோங்க, பேப்பர் நீலமா பளிச்னு மின்னினா 1950க்கு அப்புறம் வந்த பேப்பர், அதுல 1900 கைசர் இருந்தார்னா மறுபதிப்பு.

கார்டைப் போட்டு வைக்க பிவிசி கவர் வேணாம், பாலிபுரொப்பிலீன் கவர் வாங்குங்க. ஸ்டாம்ப் பிச்ச கார்டை சும்மா குடுத்தாலும் நான் எடுக்கிறதில்ல.