பேரனின் சளியும் பேத்தியின் ஐந்து வாரமும்

அன்புள்ள ஐயா,

நான் உட்லண்ட்ஸில் மகள் குடும்பத்தோடு இருக்கிறேன். பேரன் 2020 ஆகஸ்டில் பிறந்தான். இரண்டு வயது வரை அவனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. 2022 கடைசியில் பாலர் பள்ளியில் சேர்த்தோம். அன்றிலிருந்து மாதம் தவறாமல் சளி, காய்ச்சல். ஒரு முறை மூச்சுக்குழாயைத் தாக்கும் ஆர்எஸ்வி கிருமி என்று மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். "முகக்கவசம், கைச்சுத்தம் என்று பொத்திப் பொத்தி வளர்த்தீர்கள், எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது" என்று கோவிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். இப்போது பேத்தி பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் முகக்கவசம் போட வேண்டும் என்கிறாள் மகள். என் தம்பி மனைவி கோபித்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிட்டாள். கொவிட் காலத்து அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் செய்தது தவறா? மகள் சொல்வது சரியா?

ஒரு பாட்டி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள அம்மா,

மகள் சொல்வது சரி. உங்கள் கடிதத்தில் அவசரமான கேள்வி அதுதான், அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். மற்றதைக் கொஞ்சம் நிதானமாகப் பேசலாம்.

நான் மருத்துவன் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் சளிக் கிருமியைப் பற்றி ஒரு வகுப்பறையை விட அதிகம் கற்றுக்கொடுக்கும் இடம் குறைவு. 2003இல் சார்ஸ் வந்தபோது மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வெப்பமானி கொடுத்தார்கள். காலையில் நாற்பது பிள்ளைகளும் அதை வாயில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சிங்கப்பூரில் அந்த நோய் 238 பேருக்கு வந்தது, 33 பேர் இறந்தார்கள். சில மாதங்களில் முடிந்தும் போனது. சார்ஸ் தொற்றியவர் பெரும்பாலும் காய்ச்சல் கண்டு, உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் மற்றவருக்குப் பரப்புவார். காய்ச்சல்காரரைப் பிடித்துவிட்டால் கிருமியையும் பிடித்த மாதிரி.

2020இல் அதே வெப்பமானியை மறுபடியும் எடுத்தோம். இந்த முறை அது போதவில்லை. கொவிட்-19 தொற்றியவர் தொண்டை கரகரக்கத் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறார். நன்றாக இருப்பவரும் முகக்கவசம் போட வேண்டும், எல்லாரும் இடைவெளி விட வேண்டும் என்ற நிலை வந்தது இதனால்தான். ஏப்ரல் 7இலிருந்து ஜூன் 1 வரை எல்லாரையும் வீட்டில் இருக்கச் சொன்ன சர்க்கியூட் பிரேக்கர், ஏப்ரல் நடுவில் முகக்கவசம் கட்டாயம். உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஜூன் கடைசியில் பிள்ளைகள் எல்லாரும் தினமும் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: வகுப்பில் இருமல் சத்தமே இல்லை. வழக்கமாக அந்த மாதங்களில் ஒருவன் இருமி முடித்தால் அடுத்தவன் தொடங்குவான். இது என் வகுப்புக்கு மட்டும் நடந்ததில்லை. சர்க்கியூட் பிரேக்கர் வருவதற்கு முன்பே, ஆண்டின் முதல் சில வாரக் கட்டுப்பாடுகளிலேயே, இங்கே சளிக்காய்ச்சல் (இன்ஃபுளுவென்சா) முந்தைய மூன்று ஆண்டுகளோடு ஒப்பிட்டால் முக்கால் பங்குக்குக் குறைந்துவிட்டதாக நம் ஊர் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆஸ்திரேலியா, சிலி, தென்னாப்பிரிக்கா மூன்றுக்கும் அது குளிர்காலம், சளிக்காய்ச்சல் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். அந்த ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அங்கே சோதித்த 83,307 மாதிரிகளில் 51இல் மட்டுமே அந்தக் கிருமி இருந்தது.

அப்படியானால் கொவிட் மட்டும் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். இது எளிய கணக்கு. சளிக்காய்ச்சல் வந்த 10 பேர் ஏறத்தாழ 13 பேருக்குக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் வந்த கொவிட், 10 பேரிடமிருந்து 25, 30 பேருக்குப் போகும். நாம் ஒருவரையொருவர் சந்திப்பதைப் பாதியாகக் குறைத்தோம் என்று வையுங்கள். 13 என்பது ஆறேழு ஆகிவிடும். 10 பேருக்குப் பின்னால் 10 பேர் இல்லாததால் சங்கிலி தானாகத் தேய்ந்து அறுந்துவிடும். 30 என்பது 15 ஆகும், அது இன்னும் வளரும். கட்டுப்பாடு ஒன்றேதான், ஒரு கிருமி செத்தது, இன்னொன்று மெதுவானது. இன்னொரு காரணமும் உண்டு. வெப்ப நாடான நமக்குச் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுவதும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். சாங்கி விமான நிலையம் வெறிச்சோடியபோது அந்த வரத்து நின்றது.

பி வகை சளிக்காய்ச்சலில் யமகாட்டா என்று ஒரு கிளை உண்டு. 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் அது உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. தடுப்பூசியில் அதற்கு இனி இடம் வேண்டாம் என்று 2023இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மக்கள் வீட்டில் இருந்ததற்கும் பயணங்கள் நின்றதற்கும் இதில் பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறார்கள். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா. நாம் வீட்டுக்குள் இருந்தது ஒரு கிருமியின் வம்சத்தையே முடித்திருக்கலாம்.

எல்லாக் கிருமியும் இப்படி அடங்கவில்லை. சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோ கிருமி பள்ளிகள் திறந்த பிறகு திரும்பிவிட்டது. அதற்குக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் கைத்திரவத்துக்கு அவ்வளவாக மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் கையைவிட்டுப் போகும். டெங்கியோ அந்த ஆண்டு 35,000 பேருக்கு மேல் தாக்கியது, அதுவரை நாம் காணாத எண்ணிக்கை. நாம் பகலில் வீட்டிலேயே இருந்தோம், கொசுவும் வீட்டில்தான் இருந்தது.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க என்னால் முடியாது. அங்கே என் வாசகர்கள் இருந்தார்கள், கைப்பேசியில் கவிதை எழுதி அனுப்புகிற பையன்கள். இடைவெளி விடுங்கள் என்று அரசாங்கம் எல்லாருக்கும் சொன்னது. ஓர் அறையில் பத்துப் பேருக்கு மேல் அடுக்குக் கட்டிலில் படுத்து, ஒரே சமையலறையையும் கழிவறையையும் பயன்படுத்துகிறவர் எங்கே போய் இடைவெளி விடுவார்? 2020 டிசம்பரில் கணக்கெடுத்தபோது விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 152,000 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. கிட்டத்தட்டப் பாதி. அதே சமயம் வெளியே தொற்று மிகக் குறைவு. கட்டுப்பாடு வேலை செய்ய இடம் வேண்டும், காற்று வேண்டும். அதை நாம் அவர்களுக்குக் கொடுத்திருக்கவில்லை.

சரி, உங்கள் பேரனுக்கு வருவோம்.

எதிர்ப்புச் சக்தி உபயோகிக்காவிட்டால் துருப்பிடித்துப் போகும் கத்தி இல்லை. உடம்பு ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்கிறது. உங்கள் பேரன் ஆர்எஸ்வியைச் சந்தித்ததே இல்லை, அதனால் ஞாபகமும் இல்லை. எந்தக் குழந்தைக்கும் ஒரு முதல் சந்திப்பு உண்டு. அவனுக்கு அது மூன்று மாதத்தில் வருவதற்குப் பதிலாக இரண்டு வயதில் வந்தது. முதல் ஆறு மாதத்தில் குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகல், சிறிது வீங்கினாலும் பாலைக்கூட உறிஞ்ச முடியாது. அந்தக் கிருமி அதிகம் ஆட்டிவைப்பது அந்த வயதில்தான். தள்ளிப்போனதில் உங்கள் பேரனுக்கு நல்லதுதான் நடந்தது. அப்புறம், பாலர் பள்ளியின் முதல் ஆண்டில் பிள்ளைக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது கொவிட்டுக்கு முன்னாலும் இருந்ததுதான்.

கோவிலில் சொல்கிறவர்கள் பார்த்ததிலும் ஓர் உண்மை இருக்கிறது. கட்டுப்பாடு நீங்கியதும் இரண்டு மூன்று ஆண்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 முடியும்போது, அங்கே கோடை தொடங்கிய நேரத்தில், ஆர்எஸ்வி பெருகியது. ஜப்பானில் 2021 கோடையில். தாய்மார்களுக்கும் அந்தக் கிருமி நாளாகப் படாததால் பிறக்கும் குழந்தைக்குக் கொடுத்தனுப்பும் எதிர்ப்பொருள்கள் குறைந்திருக்கலாம். மருத்துவமனைகள் திணறின. இதைச் சிலர் "எதிர்ப்புச் சக்திக் கடன்" என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. கடன் என்றால் நாம் ஏதோ தவறாக வாங்கியது போலாகிறது. நோய் தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவுதான்.

விலை கொடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 தைப்பூசத்தில் காவடியும் இல்லை, பாதயாத்திரையும் இல்லை. டேங்க் ரோடு கோவிலில் தயாராக வைத்திருந்த பால்குடத்தை வாங்கிச் செலுத்தினோம். அதைத் தாங்கிக்கொள்ளலாம். தாதிமை இல்லத்தில் இருந்த என் பெரியம்மாவை மாதக்கணக்கில் கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்த்தேன். கடைசியில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் ஆறவில்லை. எல்லாக் கட்டுப்பாட்டையும் மறுபடி கொண்டுவா என்று என்னால் சொல்ல முடியாது. இருமல் இருக்கிறவர் எம்சி என்னும் மருத்துவ விடுப்பு எடுத்து வீட்டில் இருப்பதும், வெளியே வந்தால் முகக்கவசம் போடுவதும் மட்டும் நம்மிடம் தங்கினால் போதும் என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவியை மகள் கூப்பிட வேண்டாம், நீங்களே தொலைபேசியில் கூப்பிடுங்கள். உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்ற நாளில் வரட்டும். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், முகக்கவசத்தோடு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளட்டும், முத்தம் காலில் கொடுக்கட்டும். ஏர்கானை நிறுத்திவிட்டு ஹாலில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் அவனுக்கும் இதே கைகழுவல்தான். வீட்டுக்குள் கிருமியைக் கொண்டுவருவதில் அவனுக்குத்தான் முதலிடம்.

ஆறு மாதம் ஆகும்வரை பேத்திக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட முடியாது. சுற்றி இருப்பவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் இந்த ஆண்டு போட்டுக்கொண்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள், தம்பி மனைவியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.