வெள்ள நேரத்தில் தோட்டக் (எஸ்டேட்) கோயில் சமையற்கட்டை எப்படிப் பயன்படுத்துவது?

கிடாரம், கேஸ் அடுப்பு, திருவிழாவில் சமைத்துப் பழகிய ஆட்கள் எல்லாம் கோயிலில் தயார். 2021 டிசம்பரில் மலேசியாவின் சிலாங்கூர் வெள்ளத்தில் சீக்கியக் குருத்வாராக்கள் உணவு அனுப்ப முடிந்ததும் இப்படித்தான்.

முதலில் துயர் துடைப்பு மையத்தில் தலைக்கணக்கு கேளுங்கள். கேட்காமல் போனால் மதியம் மூன்று இடத்துச் சோறு குவியும், இரவு ஒன்றும் இருக்காது. 100 பேருக்கு 10 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு.

கெடுவது பெரும்பாலும் பொட்டலம் கட்டுவதில்தான். சுடச்சுட மூடி அடுக்கினால் வேர்த்து ஊசிப்போகும். தேங்காய்ப்பால், சட்னி வேண்டாம்; புளிச்சோறு தாங்கும். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதுங்கள், 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும்.

மலாய்க் குடும்பங்களுக்குச் சமைத்த உணவு முஸ்லிம் தொழுகை இடமான சூராவிலிருந்து வரட்டும் (ஹலால் சங்கடம் யாருக்கும் வேண்டாம்). கோயிலிலிருந்து தண்ணீர், பால்மாவு, பெம்பர்ஸ் கொடுக்கலாம். பழைய துணி மட்டும் வாங்காதீர்கள், பிரிக்கவே நான்கு பேர் போவார்கள்.