எட்டுக்குப் பத்து அறையில் ஒரு கிளைப்பாதை

வாசகர் கேள்வி – பதில்: மாதிரி ரயில்

கேள்வி: மகள் திருமணமாகிப் போன பிறகு எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகவே கிடக்கிறது. பத்தடி நீளம், எட்டடி அகலம். பணி ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு அதில் மாதிரி ரயில் பாதை ஒன்றை அமைத்துப் பார்க்க நெடுநாள் ஆசை. ஆறடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றில், எச்.ஓ. அளவில் நீள்வட்டமாகத் தண்டவாளம் போட்டு, பெட்டிகள் நிறைய உள்ள எக்ஸ்பிரஸ் வண்டியை ஓட்டலாம் என்று நினைக்கிறேன். தச்சரை வரச் சொல்லலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: தச்சரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பலகையிலிருந்து தொடங்குகிறீர்கள். தொடங்க வேண்டிய இடம் வளைவு.

எச்.ஓ. என்பது அசலில் 87-இல் ஒரு பங்கு. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவான பழைய வகைப் பயணிகள் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம் உடையது. மாதிரியில் அது 24.5 செ.மீ. ஆகும். இப்போதைய எல்.எச்.பி. பெட்டி 27 செ.மீ. வரும். வளைவின் ஆரம் பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால்தான் வண்டி பார்வைக்கு ரயிலாகத் தெரியும் என்பது இந்தக் கலையில் பழகியவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அப்படியானால் ஐ.சி.எஃப். பெட்டிக்கே சுமார் 73 செ.மீ. ஆரம் தேவை. நாலடிப் பலகையின் அகலம் 122 செ.மீ.; இரு ஓரங்களிலும் ஐந்தைந்து செ.மீ. விட்டுவிட்டால் 56 செ.மீ. ஆரத்துக்கு மேல் அதில் வழியில்லை. வண்டி ஓடாது என்று சொல்லவில்லை, ஓடும். ஆனால் திரும்பும் இடத்தில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமும் முனைகள் வெளிப்பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அடுத்தடுத்த பெட்டிகளின் வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காது.

இரண்டாவது தொல்லை கை எட்டுவது. என்னுடைய முதல் மேசையும் இதே ஆறடிக்கு நாலடிதான். இடம் மிச்சமாகட்டும் என்று அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பின்மூலையில் தெர்மோகோலால் மலையும் சுரங்கப்பாதையும் அமைத்தேன். வண்டி வேறெங்கும் தடம் புரளாது. சுரங்கத்துக்குள் மட்டும் தவறாமல் புரளும். கையை நீட்டினால் கடைசிப் பெட்டியின் பின்புறம் விரல் நுனியில் படும், பிடிக்க வராது. முக்காலியில் ஏறிக் குனிந்து எடுக்கப் போய், முழங்கையால் சிக்னல் கம்பங்கள் இரண்டை முறித்த பிறகுதான், முன்விளிம்பிலிருந்து 75 செ.மீ.க்கு அப்பால் எதையும் வைக்கக் கூடாது என்பது எனக்கு உறைத்தது.

ஆகவே மேசையை விட்டுவிட்டு, கதவு இல்லாத இரண்டு சுவர்களை ஒட்டி ‘ட’ வடிவில் ஐம்பது செ.மீ. அகலத்துக்கு அலமாரித் தட்டுப்போல அமைத்துக்கொள்ளுங்கள். இதில் வண்டி வட்டமடிக்காது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்த் திரும்பும். முழு வட்டம் தேவையில்லாமல் மூலையில் ஒரு கால்வட்டம் மட்டுமே வருவதால், அங்கே ஒரு முக்கோணப் பலகையைச் சேர்த்துவிட்டால் 75 செ.மீ. ஆரம் தாராளமாகக் கிடைக்கும். அகலம் குறைந்த தட்டில்தான் பெரிய வளைவு அமைகிறது என்பது முதலில் நம்ப முடியாததாகத் தோன்றும். காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

எந்த ஊர் என்று கேட்பீர்கள். மதுரைக்காரரான உங்களுக்குப் போடிநாயக்கனூர் இருக்கிறது. பாதை அங்கே முடிகிறது. வந்த வண்டி அதற்கு மேல் போக இடமில்லை. இன்ஜினைக் கழற்றி, பக்கத்தில் பிரிந்து மீண்டும் சேரும் லூப் லைன் வழியாகக் கொண்டுவந்து, வண்டியின் மறுமுனையில் மாட்டித்தான் திரும்ப வேண்டும். வட்டப்பாதையில் வண்டி சுற்றுவதைப் பத்து நிமிடம் பார்க்கலாம். இந்த மாட்டிக் கழற்றும் வேலையில் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். பத்தடிச் சுவரில் வளைவுக்கான இடம் போக ஏறத்தாழ இரண்டு மீட்டர் நேர்ப்பாதை மிஞ்சும். 20 செ.மீ. டீசல் இன்ஜினும் நான்கு பெட்டிகளும் 118 செ.மீ.; இரு முனைகளிலும் தடம் பிரியும் பாயின்ட்டுகளுக்கும், கழன்ற இன்ஜின் முன்னே நகர்ந்து நிற்கவும் சேர்த்து 185 செ.மீ. போதும். எட்டடிச் சுவரில் மீதமுள்ள ஒன்றரை மீட்டரை ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து, அதை மதுரை என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிகள் நிறைய உள்ள எக்ஸ்பிரஸ் ஆசையை மட்டும் நீங்கள் விட்டுத்தான் ஆக வேண்டும். இல்லையேல் 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவுக்கு மாறலாம், அதில் ஐ.சி.எஃப். பெட்டி 13 செ.மீ.தான். அறுபது வயதுக் கண்ணுக்கும் விரலுக்கும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

தட்டின் உயரம் தரையிலிருந்து 110 செ.மீ. இருக்கட்டும். நாற்காலியில் அமர்ந்தால் நடைமேடையில் நின்று வண்டியைப் பார்ப்பதுபோல இருக்கும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணன் ஓ.ஓ. அளவு ரயில் செட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் ஏற்கெனவே இருப்பது எச்.ஓ. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடுமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஓடும். இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.தான். ஆனால் ஓ.ஓ. என்பது 76-இல் ஒரு பங்கு என்பதால் அதன் பெட்டிகள் சற்றுப் பருத்தவை. ஆறடி மனிதர் எச்.ஓ.வில் 21 மி.மீ., ஓ.ஓ.வில் 24 மி.மீ. இருப்பார், ஒரே நடைமேடையில் இருவரையும் நிறுத்திவிடாதீர்கள். இணைப்புக் கொக்கிகளும் பொருந்தாமல் போகலாம்.

இடைவெளியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 16.5 மி.மீ. என்பது எச்.ஓ. கணக்கில் ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்குரியது. இந்தியாவைப் போலவே இலங்கையிலும் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால், கறாராகப் பார்த்தால் எச்.ஓ.வில் அது 19 மி.மீ.க்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அதற்கான தண்டவாளத்தையும் சக்கரங்களையும் கையாலேயே செய்துகொள்ள வேண்டியிருக்கும். பழகும் காலத்தில் கடையில் கிடைப்பதை வாங்கிப் போடுங்கள். வண்டி ஓடும்போது மூன்று மில்லிமீட்டரை யாரும் அளக்கப்போவதில்லை.

கேள்வி: பாதையின் முடிவில் வண்டி தானாகவே சுற்றித் திரும்பி, வந்த தடத்திலேயே சேருமாறு பலூன்போல ஒரு வளையம் அமைத்தேன். கடைசி இணைப்பைப் பொருத்திய உடனே கன்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிட்டது. கன்ட்ரோலர் பழுதா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. 12 வோல்ட் நேர்மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய் மறு தண்டவாளத்தில் திரும்புகிறது. வளையத்தைச் சுற்றி வந்து சேரும் இடத்தில் இடது தண்டவாளத்தின் முனை வலது தண்டவாளத்தையே போய்த் தொடுகிறது. அது ஷார்ட் சர்க்யூட். இடது தண்டவாளத்தின் மேல் ஒரு விரலை வைத்து, எங்கும் எடுக்காமல் வளையம் முழுவதும் நகர்த்தி வாருங்கள். எங்கே போய் முடிகிறது என்பது தெரிந்துவிடும்.

வளையத்தின் இரு முனைகளிலும், இரண்டு தண்டவாளங்களிலுமே, உலோக இணைப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இணைப்பை மாட்டுங்கள். இப்படித் தனியாகும் பகுதி வண்டியின் முழு நீளத்தையும் கொள்வதாக இருக்க வேண்டும். அதற்கு ஓர் இருவழிச் சுவிட்ச் மூலம் மின்சாரம் கொடுத்து, வண்டி உள்ளே இருக்கும்போது பிரதானப் பாதையின் மின்சாரத் திசையை மாற்ற வேண்டும். டிஜிட்டல் முறைக்கு மாறினால் இதைத் தானே செய்யும் சிறு பெட்டி கிடைக்கிறது.

கேள்வி: தண்டவாளத்துக்கு ஜல்லியாக ஆற்றுமணலைச் சலித்துப் போட்டு ஃபெவிகால் ஊற்றினேன். மணல் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொண்டது. இப்போது இன்ஜினும் அடிக்கடி நின்றுவிடுகிறது.
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: மணலைப் போடும் முன் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் துழாவியிருக்க வேண்டும். பையின்மேல் கறுப்புப் பொடி மயிர்க்கால்போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அந்த இரும்புத் துகள்களை இன்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டால் பற்சக்கரங்கள் தேயும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

கும்பல் சேர்ந்ததற்குக் காரணம் பசை உள்ளே இறங்காதது. காய்ந்த மணலில் விழும் துளி அப்படியே முத்தாக உருண்டு நிற்கும். பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டுக் கலந்த நீரை முதலில் தெளித்து நன்றாக நனையவிட்டு, பிறகு பாதிக்குப் பாதி நீர் கலந்த ஃபெவிகாலை இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால், மணல் அதைச் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். பாயின்ட்டின் அசையும் நாக்குக்கு அருகில் மட்டும் பசை போகக் கூடாது.

இன்ஜின் நிற்பதற்கு, தண்டவாளத்தின் மேற்பரப்பில் படிந்த பசையே பெரும்பாலும் காரணம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழும் கீறல்களில் அடுத்த வாரமே இன்னும் அதிக அழுக்குச் சேரும். வேலை முடிந்ததும் பழைய வேட்டி ஒன்றால் பாதையை மூடிவையுங்கள். மின்விசிறி ஓடும் அறையில் தூசுக்கும் பல்லி எச்சத்துக்கும் வேறு தடுப்பு எனக்குத் தெரியவில்லை.