ஜெபிக்க வார்த்தையே வரலைன்னா?

கேள்வி: எனக்கு 27 வயசு, ஓசூர்ல நைட் ஷிப்ட் வேலை. சம்பளம் வருது, இஎம்ஐ கட்டுறேன், ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கும் போறேன், ஆனா எதுக்கு வாழுறோம்னே தெரியல. ஜெபிக்க உக்காந்தா வார்த்தை வரல. விசுவாசம் போயிடுச்சா அண்ணா?

பதில்: இல்ல தம்பி, போகல. பைபிள்ல 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரத்தை எடுத்து மெதுவா படிங்க, அவ்ளோ பெரிய தீர்க்கதரிசி எலியாவே ராணி யேசபேலுக்கு பயந்து ஓடிப்போய் சூரைச்செடிக்கு அடியில உக்காந்து "போதும் கர்த்தாவே"ன்னு சாவைக் கேக்குறார், அதுக்கு ஆண்டவர் திட்டல, பிரசங்கம் பண்ணல, தூங்க விட்டார், தூதன் வந்து தட்டி எழுப்பினா தலமாட்டுல தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் இருக்கு, சாப்பிட்டு மறுபடி படுத்துட்டார், திரும்பவும் எழுப்பி சாப்பிட வைக்கிறார். பேச்செல்லாம் அப்புறம்தான், ஓரேப் மலையில. எனக்கு ரொம்பப் பிடிச்ச அதிகாரம் இது. அதனால முதல்ல பகல்ல ஒழுங்கா தூங்குங்க. வார்த்தை வரலைன்னா 13-ம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிங்க, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கும், அதுவும் ஜெபம்தான். டாக்டரைப் பாக்குறது அவிசுவாசம்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க, சாகணும்னு தோணுச்சுன்னா உடனே 14416-க்கு போன் பண்ணுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி, இலவசம், ராத்திரியிலயும் எடுப்பாங்க.