எட்டுச் சுவர் வீட்டை வாங்கலாமா?

கேள்வி: நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றோரம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். 1850களில் கட்டிய எண்கோண வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, எனக்குத்தான் தயக்கம். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: தயங்குவது சரிதான். ஆனால் அந்த வீட்டைப் பார்த்து மயங்கியவர்களில் உங்கள் மனைவி முதல் ஆள் இல்லை.

அமெரிக்காவில் இந்த மோகத்தைக் கிளப்பியவர் ஆர்சன் ஃபவுலர். கட்டடம் படித்தவர் அல்ல. மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்பவர்! 1848இல் அவர் எழுதிய புத்தகத்தின் வாதம் எளிமையானது. 160 அடி சுற்றுச்சுவரைச் சதுரமாக எழுப்பினால் உள்ளே 1,600 சதுர அடி கிடைக்கும். அதே நீளத்தை எட்டுப் பக்கமாக மடக்கினால் சுமார் 1,930. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

கணக்கில் பிசகில்லை. அறை பிரிக்கும்போதுதான் வம்பு. பெரிய அறைகளைச் சதுரமாக எடுத்தால் இடையிடையே முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அந்தக் காலத்தில் அவற்றைத் துணி அலமாரியாகவோ சாமான் அறையாகவோ ஆக்கினார்கள். லாபமாக வந்த இடத்தில் பாதி அங்கேயே போய்விடும் என்பேன். கையோடு டேப்பை எடுத்துப் போய், கட்டிலும் சோபாவும் எந்தச் சுவரோடு ஒட்டும் என்று அளந்துவிடுங்கள்.

அடுத்து, சுவர் எதனால் ஆனது என்று கேளுங்கள். மரச்சட்டமா, செங்கல்லா, அல்லது ஃபவுலர் தூக்கிப் பிடித்த சரளைச் சுவரா? சுண்ணாம்பு, மணல், சரளை மூன்றையும் கலந்து பலகைக்கு நடுவே கொட்டி எழுப்புவது அது. விஸ்கான்சின் மாநிலத்து மில்டனில் பார்த்துவிட்டு வந்து அதையே பரிந்துரைத்தார். இந்தச் சுவருக்கு ஈரம் உள்ளே தங்கக் கூடாது. பின்னாளில் யாராவது மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுண்ணாம்பு உதிர ஆரம்பிக்கும். தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் கேட்டால் உஷார். ரிப்பேருக்கும் சுண்ணாம்புப் பூச்சுதான், சிமெண்ட் வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது கூரைக்குத்தான். எட்டுச் சரிவும் நடுவில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பாரம் சுவர்களின் தலையை வெளிப்பக்கம் தள்ளும். சுற்றிலும் இறுகக் கட்டிய வளையம் போல ஏதாவது பிடித்துக்கொள்ளாவிட்டால் நாளடைவில் மூலைகள் விரியும். எட்டு மூலையிலும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கூரைக்குக் கீழே, மூலையில் மேலே போகப் போக அகலமாகும் விரிசல் தெரிந்தால், பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். உச்சியில் கண்ணாடிக் கூண்டு இருந்தால் அது கூரையோடு சேரும் இடம்தான் முதலில் ஒழுகும்.

அந்தக் கூண்டு வெறும் அழகுக்கு இல்லை. வீட்டின் நடுப்பகுதிக்கு ஜன்னல் கிடையாது. மாடிப்படிக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வர வேண்டும். கோடையில் சூடான காற்று அதன் வழியே ஏறிப் போய்விடும், சுகமாக இருக்கும். குளிர்காலத்தில் உங்கள் ஹீட்டர் சூடும் அதே வழியில்தான் போகும்! தீப்பிடித்தால் புகைக்கும் அதுவே பாதை என்பதால், மாடியிலிருந்து வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

முடிவெடுக்கும் முன் உங்கள் பக்கத்திலேயே, இர்விங்டனில் உள்ள ஆர்மர்-ஸ்டைனர் வீட்டைப் பார்த்துவிடுங்கள். 1860 வாக்கில் கட்டி, 1870களில் பெரிய குவிமாடம் ஏற்றியது. பூச்சு இல்லாமல் எலும்புக்கூடாகப் பார்க்க வேண்டுமானால் மிசிசிப்பியில், நாட்செஸ் ஊரின் லாங்வுட்டுக்குப் போக வேண்டும். 1861இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வேலை நின்றது. 32 அறைகளில் அடித்தளத்து ஒன்பதுதான் முடிந்தன. மேல்மாடிகள் இன்றும் வெறும் செங்கல்தான்.

அப்புறம் சட்டம். தேசியப் பாரம்பரியப் பதிவேட்டில் வீட்டின் பெயர் இருப்பதால் மட்டும், சொந்தப் பணத்தில் நீங்கள் செய்யும் மாற்றத்தை யாரும் தடுக்க முடியாது. உள்ளூர் விதிகள் வேறு மாதிரி. சில ஊர்களில் ஜன்னல் மாற்றவே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். விலை பேச உட்காரும் முன் ஊர் அலுவலகத்தில் இதை விசாரித்துவிடுங்கள்.